மலைக்கு ஒரு வாய்

பனி கொட்டுகிற ஒரு நாட்டிலே, மூடுபனி ஒருமுறை வந்து குந்தினால் கிழமைக்கணக்கில் எழும்பாத ஒரு பள்ளத்தாக்கின் அடியிலே, சாப்பிடாத பிள்ளை ஒன்றும் சாப்பிடாத மலை ஒன்றும் எதிரெதிரே இருந்தன. பிள்ளை சாப்பிடாதது எல்லாருக்கும் தெரியும். அது வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு மூக்கால் அழும், அந்த அழுகை சுவரைத் தாண்டிக் கேட்கும். மலை சாப்பிடாதது ஒருவருக்கும் தெரியாது. அது விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரை ஊராருடைய பிள்ளைகளையும் வெளியூராருடைய பிள்ளைகளையும் முதுகில் ஏற்றிச் சறுக்க விட்டுக்கொண்டு, ஒரு முனகலும் இல்லாமல் நின்றது. முனகாதவர்களிடம் யார் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள்?

பிள்ளையின் பெயர் இயலினி, இரண்டு வயது, வீட்டில் இயலி. சுவிஸில் பிறந்து வளர்கிறவனுக்குப் பனிச்சறுக்குத் தெரியாவிட்டால் வகுப்பில் மரியாதை இல்லை என்று அவளுடைய பத்து வயது அண்ணன் அபினாஷ் தகப்பனின் காதை அரித்து அரித்து, கடைசியில் தகப்பன் சிவரூபன் மாசி மாத விடுமுறைக்கு மலையடியில் ஒரு மரவீட்டின் கீழ்த்தட்டை எடுத்தான். சிவரூபனின் அக்கா சுகிர்தாவும் அவளுடைய புருஷன் தவநேசனும், சேர்ந்து போனால் கலகலப்பாக இருக்கும் என்று சொல்லி ஏறிக்கொண்டார்கள். காரின் பின்பக்கத்தில் சறுக்குப் பலகைகளுக்கு மேலே அரிசிப் பையும், பருப்பும், ரைஸ் குக்கரும், மிளகாய்த்தூள் போத்தலும், வறுத்த மாவும் ஏறின. விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு சாமான் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதையெல்லாம் வைத்துச் சமைக்கப்போவது யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சமைக்கப்போகிறவள் தர்மினி, இயலியின் தாய். வருடம் முழுக்க ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நின்று, பல்லில்லாதவர்களுக்கு மசித்தும், உப்புக் கூடாதவர்களுக்கு உப்பில்லாமலும் சமைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து திரும்பவும் அடுப்படியில் நிற்பவள். அவளுக்குச் சறுக்கவும் ஆசையில்லை, பனி பார்க்கவும் ஆசையில்லை. புறப்படும்போது சிவரூபன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காரில் ஏறினாள்.

"வியாழக்கிழமை முழுக்கப் பிள்ளையை நான் பாக்கிறன். நீ லிஃப்டில ஏறி மேல போ. கீழ மூடுபனி எண்டாலும் மேல நல்ல வெயிலாம். ஒரு வாங்கில சும்மா இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வா. ஒருத்தரும் உன்னைக் கூப்பிட மாட்டம்."

சாய்ந்திருக்க ஒரு வாங்கு, வெயில், ஒருவரும் கூப்பிடாத ஒரு மணித்தியாலம். கேட்டால் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக அது கிடைக்காதவளிடம் போய்ச் சின்னது என்று சொல்லிப் பாருங்கள்.

முதல் நாள் காலையில் மற்றவர்கள் எல்லாரும் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் ஏறிப்போனார்கள். தர்மினி பிள்ளையை வெளியே விளையாட விடலாம் என்று வெளிக்கிடுத்தினாள். உள்ளுடுப்பு, அதற்குமேல் கம்பளிக் காற்சட்டை, அதற்குமேல் பனியுடுப்பு, இரண்டு சோடிக் காலுறை, சப்பாத்து, தொப்பி, கழுத்துத்துணி, கையுறை. கடைசிக் கையுறையைப் போட்டு முடிக்கும்போது முதற் கையுறை கழன்றிருந்தது. அதைத் திரும்பப் போட்டுக் கதவைத் திறக்கும்போது பிள்ளை "சிச்சா" என்றது. எல்லாவற்றையும் கழற்றி, இருத்தி, கழுவி, திரும்ப எல்லாவற்றையும் போட்டு, வெளியே கொண்டுபோய்ப் பனியில் நிறுத்தினாள். பிள்ளை குனிந்து ஒரு விரலால் பனியைத் தொட்டது.

"சுடுது!" என்று கத்தியது. அதற்குத் தெரிந்த வலி அடுப்பின் வலி மட்டுந்தான். அதற்குப் பிறகு காலை நிலத்தில் வைக்கமாட்டேன் என்று தாயின் கழுத்தில் தொங்கியது.

பிறகு தர்மினி உள்ளே வைத்து விளையாட்டுக் காட்டினாள். சட்டி மூடிகளைத் தாளம் போட்டாள், பருப்பைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றினாள், துவாயால் தலையை மூடிக் காணாமற்போனாள், துவாயை எடுத்துத் திரும்பி வந்தாள், காணாமற்போனாள், வந்தாள், மேசைக்கடியில் பூனையானாள், கதிரைகளை அடுக்கி ரயிலானாள், முதுகில் பிள்ளையை ஏற்றி யானையானாள். யானை முழங்கால் நோகிறது என்று சொன்னபோது பிள்ளை "இன்னும்" என்றது. பொழுதுபட்டு மற்றவர்கள் முகமெல்லாம் வெயிலில் சிவந்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்து, சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"மேல என்ன வெயில் தெரியுமோ!" என்றாள் சுகிர்தா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "நீ நல்லா ரெஸ்ட் எடுத்திருப்பாய் என்ன?"

"ஓம் மச்சாள்," என்றாள் தர்மினி. "சாப்பிடுறியளோ?"

அவள் யாரிடம் பேசத் தொடங்கினாலும் முடிவில் அந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்பாள். அது அவளுடைய வாயின் பழக்கம்.

இரண்டாம் நாள் மத்தியானந்தான் அது நடந்தது.

பிள்ளைக்குச் சோறு தீத்துவதென்பது நம்முடைய ஆட்களிடத்தில் தனி வித்தை. வெறுமனே வாயில் வைத்தால் எந்தப் பிள்ளையும் வாங்காது, வேடிக்கை காட்டவேண்டும். காகத்துக்கு ஒரு வாய், நிலவுக்கு ஒரு வாய், போகிற பஸ்ஸுக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய். இதில் ஒரு சின்னக் களவு இருக்கிறது. காகத்துக்குக் காட்டிய வாய் காகத்துக்குப் போவதில்லை, சுற்றி வந்து பிள்ளையின் வாய்க்குள்தான் போகும். அம்மாவுக்கென்று எடுத்த வாயும் அம்மாவின் உதட்டருகே போய், "ஆம், ஆம்" என்று சத்தம் மட்டும் கேட்டுவிட்டு, திரும்பச் சோற்றுக் கோப்பைக்கே வந்துவிடும். எல்லாத் தாய்மாரும் செய்கிற களவு அது; பிள்ளைகளும் தெரிந்துகொண்டே விட்டுக்கொடுக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

தர்மினி பல்கனி வாங்கில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கோப்பையோடு இருந்தாள். அந்தக் குளிரில் காகம் இல்லை. பஸ் போன சுவடுமில்லை. நிலவுக்கு இன்னும் நேரமிருந்தது. மூடுபனி முழங்காலளவுக்குச் சுருட்டிவிட்ட வேட்டிபோலக் கொஞ்சம் ஏறியிருந்ததில், எதிரே மலையின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது.

"அங்க பார் குஞ்சு, மலை. மலைக்கு ஒரு வாய்," என்று சொல்லி, பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றை உருட்டிப் பல்கனிக் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். முதல்நாள் யானையாகவும் ரயிலாகவும் இருந்த களைப்பு, இரவிலே பிள்ளை விடாத நித்திரை, எல்லாம் சேர்ந்து ஒரு கணம் அவளுக்குக் கை மறந்துபோனது. நீட்டிய கையைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பதை மறந்துவிட்டாள். சோற்றை விட்டுவிட்டாள்.

மலை குனிந்தது. பனி இரண்டு பக்கமும் விலக, நடுவிலே கறுப்பாக ஈரமாக ஒரு வாய் திறந்தது. அதிலிருந்து கல்லின் மணமும் போன கோடைகாலத்துப் புல்லின் மணமும் வந்தன. சோறு உள்ளே போனது. மலை வாயை மூடி ஆறுதலாக மென்றது. அது மெல்ல மெல்ல, பல்கனிக் கொடியில் காயப்போட்டிருந்த கையுறைகள் ஆடின.

தர்மினி பயப்படவில்லை, வியக்கவுமில்லை. களைத்துப்போனவளுக்கு அதிசயமும் இன்னொரு வேலைதான். அவள் மலையைப் பார்த்தாள். முதுகெல்லாம் கம்பிகளும் தூண்களும் ஏற்றி, காலையிலிருந்து ஆயிரம் பேர் சறுக்கிய தழும்போடு நின்ற அதைப் பார்த்து, வாய்ப் பழக்கத்தில் கேட்டாள்:

"நீ இன்னும் சாப்பிடேல்லையோ?"

மலை திரும்பவும் வாயைத் திறந்தது. ஒருதரம் மட்டும் சோறு போட்டு ஒருவரை அனுப்பக்கூடாது, இரண்டாம் தரமும் போடவேண்டும் என்று அவளை வளர்த்தவர்கள் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆகவே இரண்டாம் தரமும் போட்டாள். பிள்ளை அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. சிரிக்கத் திறந்த வாய்க்குள் தர்மினி ஒரு உருண்டையை வைத்தாள். மலைக்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய், அம்மாக்கு ஒரு வாய், ஆம் ஆம், பிள்ளைக்கு ஒரு வாய். கோப்பை வழித்துத் துடைத்ததுபோல வெறுமையாகியது. இயலி பிறந்ததிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை.

மலை குனிந்த நேரத்தில் மேலே சறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் போக நினைத்த பக்கம் போகாமல் இந்தப் பக்கம் சறுக்கி வந்தார்கள். அதிலே முதல் ஆளாக, காலிரண்டும் மேலே, தலை கீழே, மல்லாக்காக வந்து பல்கனிக்கடியில் நின்றவன் சிவரூபன்.

"என்னப்பா இது, மலை ஏன் இஞ்ச வந்தது?" என்று கேட்டான் பனியைத் துப்பிக்கொண்டு.

"சாப்பிட."

"பிள்ளை சாப்பிட்டவளோ?"

"ஓம். முழுக்க."

"அப்ப சரி," என்றான் சிவரூபன்.

அன்றைக்கே விஷயம் ஊருக்குள் பரவியது. அந்த ஊர்ச்சனங்கள் தலைமுறை தலைமுறையாக மலைக்குக் கீழே இருப்பவர்கள். மலை நகர்வது அவர்களுக்குப் புதினமில்லை. பனிச்சரிவாக நகரும், பாறையாக உருளும், சேறாக வழியும். இது முழுதாக நகர்கிறது, குனிகிறது, சாப்பிட்டதும் தன்னிடத்துக்குத் திரும்பிப் போகிறது என்றதும், மற்ற நகர்வுகளோடு ஒப்பிட்டால் இது ஒழுங்கானது என்றே அவர்களுக்குப் பட்டது. லிஃப்ட் ஓட்டுகிற பேயாத் என்ற நெடுவல் மனிதர் அடுத்த நாட்காலை வீட்டுக் கதவைத் தட்டி, சப்பாத்தை வெளியே கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்து, ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை மணிக்குத் தீத்துவீர்கள்?"

"பிள்ளைக்குப் பசிக்கிற நேரத்துக்கு," என்றாள் தர்மினி.

பேயாத் அந்தப் பதிலை நெடுநேரம் யோசித்தார். "பசி பன்னிரண்டரைக்கு வரட்டும்," என்றார் கடைசியில். "அந்த நேரம் லிஃப்டை நிறுத்துகிறோம். ஆனால் தயவுசெய்து பிந்தவேண்டாம். ஆட்கள் மேலே குளிரில் நிற்பார்கள்."

இப்படித்தான் ஒரு பிள்ளையின் பசிக்கு ஊர் ஒரு நேரத்தை வைத்தது, அந்த நேரத்தைக் காப்பாற்றுகிற வேலை தர்மினியின் தலையில் விழுந்தது. மலை குனிகிற நேரத்தில் சரிவு தணிந்து தொட்டில்போலாகிவிடுவதால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே நல்ல நேரம் என்று கண்டுபிடித்த சறுக்குப் பள்ளி ஆசிரியை, இன்னும் கொஞ்சம் ஆறுதலாகத் தீத்த முடியுமா என்று கேட்டு வந்தாள். ஊருணவுக் கடைக்காரர், தன் மலைக்குத் தன் சாப்பாடுதான் பிடிக்கும் என்று சொல்லி, உருக்கிய சீஸை ஒரு பெரிய சட்டியில் சுமந்துகொண்டு வந்து பல்கனிக்கு முன்னால் வைத்தார். மலை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. திருப்பியதில் இரண்டு தேவதாரு மரங்கள் முறிந்தன. கடைக்காரர் மனமுடைந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் வெட்கத்தை விட்டுப் பருப்புக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரி ரோஸ்மரி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பல்கனி வாங்குக்கு ஓர் ஆட்டுத்தோலைக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனாள்.

நம்முடைய ஆட்களுக்கு வேறு கவலை.

"இத்தனை சனம் வாயைப் பாத்துக்கொண்டு நிண்டா நாவூறு படும்," என்றாள் சுகிர்தா. "பிள்ளைக்கும் படும், மலைக்கும் படும்."

பிள்ளைக்கு உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். மலையை எப்படிச் சுற்றுவது? யோசித்து, தவநேசனுடைய காற்சட்டைப் பையில் உப்பையும் மிளகாயையும் போட்டுக் கட்டி, மலையை மூன்றுதரம் சறுக்கிச் சுற்றிவிட்டு வரும்படி அனுப்பினாள். அந்த மனுசன் பாவம், முழங்கால் பிரச்சினையுள்ள ஆள். மூடுபனிக்குள் இறங்கி ஏறி, வழி தவறி, பொழுதுபட்டுத்தான் வந்து சேர்ந்தார். மிளகாயை அடுப்பில் போட்டபோது ஒருவருக்கும் கமறவில்லை, நாவூறு கடுமையாகத்தான் இருந்திருக்கிறது என்று சுகிர்தா தலையாட்டினாள்.

இதற்கிடையில் வியாழக்கிழமை வந்தது.

தர்மினி விடிய எழும்பிக் குளித்தாள். ரோஸ்மரியின் பனிச்சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டாள். பிள்ளையின் சோற்றைப் பிசைந்து மூடிவைத்தாள். மடித்து வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் தலையில் குத்தினாள். சிவரூபன் சொன்ன சொல் தவறவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு "நீ போ, நான் பாக்கிறன்" என்று கதவையும் திறந்துவிட்டான். அவள் மூடுபனிக்குள் நடந்து லிஃப்ட் நிற்கிற இடத்துக்குப் போனாள். பேயாத் அவளைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். அவளுக்கென்று கதிரை வந்து நின்றது. ஒரு காலை எடுத்து வைத்தாள்.

மலை அவளைக் கண்டுவிட்டது. சோறுதான் வருகிறது என்று நினைத்து ஆசையோடு குனிந்தது. கம்பிகள் தொய்ந்தன, கதிரைகள் ஒன்றோடொன்று முட்டின, மேலே போய்க்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள், வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பித் தர்மினியைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுப் பக்கமிருந்து இயலியின் அழுகை கேட்டது. பின்னாலேயே சிவரூபனின் குரல்:

"தர்மினி! என்ர கையால வாங்கிறாளில்லை! ஒருக்கா வந்து தீத்திப்போட்டுப் போவன்!"

ஒருக்கா வந்து. அந்த ஒருக்காவில் எத்தனை நாள் போயிருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அவளுக்குக் கோபம் வந்தது, மலைமேல் வந்தது, பிள்ளைமேல் வந்தது, பிறகு இரண்டுமே வாயில்லாததுகள் என்று வெட்கம் வந்து, கோபம் போக இடமில்லாமல் கண்ணுக்குள் போய் நின்றது. கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். மலைக்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய், அம்மாக்கு ஒரு வாய், ஆம் ஆம். அன்றைக்கு அந்த ஆம் ஆமில் சத்தமே வரவில்லை. மலை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கை உதட்டுவரை போய்த் திரும்பி வருவதைப் பார்த்தது.

"நாளைக்குப் போவன்," என்றான் சிவரூபன் இரவு சாப்பிடும்போது. மறுநாள் பள்ளி ஆசிரியையின் புதுப்பிள்ளைகள் வந்தார்கள், இன்னும் ஆறுதலாகத் தீத்தவேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் சனிக்கிழமை, வீட்டைவிட்டு வெளிக்கிடவேண்டிய நாள்.

சனிக்கிழமை காலையில் வீட்டைக் கூட்டி ஒப்படைப்பதுதான் முறை. ரோஸ்மரி வந்து, மத்தியானச் சாப்பாடு முடியட்டும், மலையைப் பசியோடு விட்டுப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மிச்சமிருந்த அரிசியையெல்லாம் போட்டு ஒரு பெரிய சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு சொதி. ஊர் முழுக்கப் பல்கனிக்கு முன்னால் வந்து நின்றது. பேயாத் லிஃப்டை நிறுத்திவிட்டு வந்தார். மலை நேரத்துக்குக் குனிந்தது. தர்மினி உருண்டையை நீட்டினாள்.

மலை வாயைத் திறக்கவில்லை.

அவள் இன்னொருதரம் நீட்டினாள். மலை உதட்டை இறுக்கிக்கொண்டது. அதைப் பார்த்த இயலியும் அதேமாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டது. சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"உப்புக் கூடிப்போச்சோ?" என்றாள் சுகிர்தா.

"நேற்று மாணவர்கள் கூடிவிட்டார்கள், களைத்திருக்கும்," என்றாள் ஆசிரியை.

"சீஸ் கொண்டுவரட்டுமா?" என்றார் கடைக்காரர், அடங்கின குரலில்.

அபினாஷ் தன் சாக்லேட்டை நீட்டிப் பார்த்தான். தவநேசன் தன்னுடைய காற்சட்டைப் பையை ஒளித்துக்கொண்டார். மலை அசையவில்லை. மேலே பாதிவழியில் மாட்டுப்பட்டவர்கள் குளிரில் கத்தினார்கள். ஒரு கிழமையாகத் தர்மினி இந்த இரண்டு வாய்களுக்காகவும் எழும்பி, இந்த இரண்டு வாய்களுக்காகவும் படுத்திருக்கிறாள்; போகிற நேரத்தில் இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொண்டால் அவள் என்ன செய்வாள்?

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். "நான் இனி என்னத்தைத்தான் செய்யிறது? சொல்லுங்கோவன்."

இயலி தாயின் வாயில் விரலை வைத்தது.

"அம்மாக்கு ஒரு வாய்," என்றது.

தர்மினி உருண்டையை உதட்டருகே கொண்டுபோய், "ஆம், ஆம்" என்றுவிட்டுக் கோப்பையில் வைத்தாள்.

"இல்லை," என்றது பிள்ளை. "அம்மா பொய்."

மலையும் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்குக் காகத்தினுடைய நாகரிகமோ நிலவினுடைய நாகரிகமோ தெரியாது. காட்டிவிட்டு எடுக்கிற வாயை அது அறியாது. கொடுத்தால் கொடுத்தது, சாப்பிட்டால் சாப்பிட்டது. ஒரு கிழமையாக இந்தப் பெண் எல்லார் வாயிலும் வைத்துவிட்டுத் தன் வாயில் மட்டும் வைக்காமல் எடுப்பதை அது பார்த்திருந்தது, இன்றைக்கு அவள் போகப்போகிறாள் என்பதும் காரைப் பார்த்து அதற்கு விளங்கியிருந்தது.

"எனக்குப் பசிக்கேல்லை," என்றாள் தர்மினி மலையைப் பார்த்து. "நான் பேந்து சாப்பிடுறன்."

அதைக் கேட்டுச் சுகிர்தா தலையைக் குனிந்தாள். அந்தச் சொல்லை அவளும் தன் காலத்தில் எத்தனையோ தரம் சொன்னவள்தான். சொல்லிச் சொல்லிப் பிறகு மற்றவள் சொல்லும்போது காது கேளாமற் போனவள். அவள் எழும்பிப் போய், காரில் ஏற்றிய பெட்டியைப் பிரித்து, ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இரு," என்றாள். "எழும்பாதை. நான் போடுறன்."

சோற்றைப் போட்டாள், பருப்பை விட்டாள், கத்தரிக்காயை வைத்தாள். பிள்ளையைத் தூக்கிச் சிவரூபனிடம் கொடுத்தாள். தர்மினி ஆட்டுத்தோல் விரித்த வாங்கில் இருந்து, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, ஒரு வாய் சாப்பிட்டாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. சூடான சோறு சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று நினைக்கப்போய் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மென்றாள், மென்றுகொண்டே அழுதாள். பேயாத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார். கோப்பை முடிந்ததும் சுகிர்தா கேட்காமல் இரண்டாம் தரமும் போட்டாள். சொதியும் விட்டாள். அதையும் சாப்பிட்டு, கை கழுவ எழும்ப நினைத்து, எழும்ப ஏலாமல், சாய்ந்த இடத்திலேயே தர்மினி நித்திரையாகிப்போனாள்.

அப்போதுதான் மலை அசைந்தது. நித்திரையான பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் இறக்குகிற தாய் எப்படி மூச்சையும் அடக்கிக்கொண்டு இறக்குவாளோ, அப்படி அது தன் விளிம்பை வாங்குக்கடியில் நுழைத்து, வாங்கோடும் ஆட்டுத்தோலோடும் அவளை மெல்லத் தூக்கியது. பல்கனிக் கம்பி ஒரு சத்தமுமில்லாமல் விலகிக் கொடுத்தது. ரோஸ்மரி விரலை உதட்டில் வைத்தாள். ஊர் வாயைப் பொத்தியது. மேலே மாட்டுப்பட்டிருந்தவர்களும், தங்களைக் கடந்து ஒரு வாங்கும் அதிலே வாய் திறந்து தூங்குகிற ஒரு பெண்ணும் ஏறிப்போவதைக் கண்டு, குளிரை மறந்து கத்துவதை நிறுத்தினார்கள்.

"அம்மா?" என்றது இயலி. உதடு பிதுங்கத் தொடங்கியது.

சிவரூபனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கோப்பையை எடுத்தான், சோற்றைக் குழைத்தான், கொஞ்சம் பெரிதாகவே உருட்டிவிட்டான். மூடுபனிக்குள் சின்னதாகிக்கொண்டு போகிற வாங்கைக் காட்டினான்.

"அங்க பார் குஞ்சு, அம்மா போறா. அம்மா மேல போறா. பிள்ளைக்கு ஒரு வாய்."

பிள்ளை அண்ணாந்து பார்த்தது. அண்ணாந்த வாய் திறந்தது. தகப்பன் கையிலிருந்து வாங்கியது. கொஞ்சத்தில் அதுவும் போதவில்லை என்று தானே கோப்பைக்குள் கையை விட்டு, முகமெல்லாம் பருப்பாக அள்ளி அள்ளிச் சாப்பிட்டது.

தர்மினி கண் விழித்தபோது வெயில் எறித்தது. கீழே மூடுபனி, காய்ச்சின பாலில் ஆடை படர்ந்ததுபோலப் பள்ளத்தாக்கை மூடியிருந்தது. மேலே ஒன்றுமேயில்லை, நீலம் மட்டுந்தான். வலக்கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. முகம் சுட்டது. பிள்ளை சொன்ன மாதிரித்தான் சுட்டது, ஆனால் நன்றாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் மலை வெயிலில் கிடக்கிற மாடுபோல ஆறுதலாக மூச்சுவிட்டது.

அவள் காலை நீட்டினாள். கீழேயிருந்து, அந்தப் பாலாடைக்கடியிலிருந்து, யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது; சட்டிகள் மோதுகிற சத்தமும் கேட்டதுபோல இருந்தது. வாய்ப் பழக்கத்தில் ஒரு கேள்வி எழும்பி நாக்கின் நுனிவரை வந்தது. தர்மினி கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் சாப்பிட்டார்களா என்று அவள் கேட்கவில்லை.